ஏழாவது துண்டு

"இன்னொரு துண்டு போட்டுக்கோங்கம்மா. கொழுப்பு ஒட்டின பக்கமா எடுத்துக்கோங்க, அதுலதான் ருசியே."

அல்தோன்சா தன் கையாலேயே பன்றித்தொடையை மெல்லியதாக அரிந்து, மென்சியாவின் தட்டில் வைத்தாள். கடைக்காரன் உத்தரத்தில் தொங்கியவற்றிலேயே பெரிய தொடை அதுதான். அதை அவள் தெருவெல்லாம் பார்க்கத் தோளில் சுமந்து வந்திருந்தாள்.

மென்சியா பிள்ளை வீட்டுக்காரி. அவள் மகன் கஸ்பார் அடுத்த மாதம் ஸ்பெயினின் செவில் துறையில் மெக்சிகோவுக்குக் கப்பலேறுகிறான். ஏறினால் பிரியாந்தாவோடுதான் ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பிரியாந்தா, அல்தோன்சாவின் ஒரே மகள்.

கடல் கடக்க ரத்தச் சுத்தப் பத்திரம் வேண்டும். பரம்பரையில் யூதர் இல்லை, முஸ்லிம் இல்லை என்று ஊரே சாட்சி சொல்ல வேண்டும். அல்தோன்சாவின் பாட்டி பிறப்பில் யூதச்சி; ஞானஸ்நானம் பெற்றதோ நாற்பது வயதில். அது இந்த அம்மாவுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். ரகசிய யூதர்களைத் தேடி எரிக்கும் திருச்சபை விசாரணை மன்றத்துக்குத் தெரிந்தால் குடும்பமே மிஞ்சாது. யூதர் தொடாத பன்றிதான் இன்றைக்கு அவளுக்குச் சாட்சி.

"எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா பன்றிக்கொழுப்பு போடாம கொண்டைக்கடலைகூட வெந்ததில்ல," என்றாள் மென்சியா, மென்றுகொண்டே.

"எங்க பிரியாந்தாவுக்குப் பால்பல் முளைச்சதே இதைக் கடிக்கத்தான்!"

பிரியாந்தா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது வெட்கம் என்று கஸ்பார் நினைத்திருக்கலாம். குமட்டல் என்று பெற்றவளுக்குத் தெரியும். மேசைக்கடியில் மகளின் காலை ஓங்கி மிதித்தாள்.

"பொண்ணு கொறிக்கிறாளே ஒழிய சாப்பிடலையே?"

"கப்பல்ல அரை வயித்துச் சாப்பாடுதானாமே. இப்பவே பழகுறா."

"அம்மா, போதும்மா. ஆறு துண்டு ஆச்சு," என்றான் கஸ்பார் மெதுவாக.

"சும்மா இருடா. தலைமுறைக்கு ஒண்ணுன்னா இன்னும் ஒண்ணு பாக்கி." ஏழாவதை வாயில் போட்டுக்கொண்டே மென்சியா சட்டென்று கேட்டாள். "ஆமா, சனிக்கிழமை உங்க வீட்டுல அடுப்பு எரியுமா?"

சனிக்கிழமை புகை வராத கூரைகளை எண்ணி, யூத வழக்கம் என்று காட்டிக் கொடுப்பதற்கே ஊரில் ஆட்கள் உண்டு.

"அணையவே அணையாதும்மா! புகை தாங்காம பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கே வந்துட்டா."

"உங்களுக்குச் சண்டைதானே? எங்களுக்குப் புகைபோக்கியே வெடிச்சிடுச்சு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இனிப் பயமில்லை என்று அல்தோன்சா மூச்சு விட்டாள். அடுத்த துண்டுக்குக் கத்தியை வைத்தபோது, தெருவிலிருந்து மீன்காரியின் குரல் கணீரென்று வந்தது.

"மத்தி வாங்கலையோ மத்தி! வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மத்தி!"

கத்தி பாதியில் நின்றது.

வெள்ளிக்கிழமை! பரம்பரைக் கிறிஸ்தவர் வீடுகளில் குடிகாரன்கூட இறைச்சி தொடாத நாள். பிறவியிலேயே ஊறியவர்களுக்கு மறக்காது; பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் பதற்றத்தில் மறக்கும். பன்றியை நினைத்து நினைத்து, கிழமையைக் கோட்டை விட்டாயிற்று. எல்லாம் முடிந்தது.

அல்தோன்சா நிமிர்ந்தாள்.

எதிரே மென்சியாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கன்னத்தில் ஏழாவது துண்டு புடைத்து நின்றது. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து, வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பினாள்.

"அந்தத் தட்டை எடுத்துடுங்க, சம்பந்தி," என்றாள் தாழ்ந்த குரலில். "எங்க வீட்டுலயும் இந்தக் கண்றாவி யாருக்கும் தொண்டையில இறங்காது."