நெரிசல் இல்லை

காலை எட்டேகால். ஆறு வழிச் சாலை ஆறு வரிசையாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. போன வருடம் நான்கு வழியாக இருந்தபோது நான்கு வரிசையாக நின்றது. வளர்ச்சி என்றால் இதுதான். மருத்துவமனை வேனின் தகரக் கூரை கொதிக்கிறது. ஜன்னலோர நர்ஸின் மடியில் போன் நான்காவது முறையாக அதிர்கிறது. இரவு ஷிஃப்டில் வார்டில் நின்ற தங்கைதான்; அவளும் நர்ஸ். "அக்கா, நீ வந்தாத்தான் நான் நகர முடியும். கண்ணு சொருகுது. மருந்தை மாத்திக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு." நர்ஸ் பல்லைக் கடிக்கிறாள். வேனை ஒட்டிய நடுத்திட்டில் குடையும் தாளுமாக ஒரு பெண். நெடுஞ்சாலைத் துறைக்காக வண்டிகளை எண்ணுபவள். டிரைவர் தலையை நீட்டுகிறார். "எத்தனை ஆச்சும்மா?" "இந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டுறதை மட்டுந்தான் எண்ணணும், அண்ணே. அரை மணி நேரத்துல நாற்பத்தொண்ணு." சொல்லிக்கொண்டே, 'நெரிசல் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுகிறாள். நர்ஸுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. "ஏம்மா, கண்ணு அவிஞ்சா போச்சு? நெரிசல் இல்லைன்னு போடறே?" "நூறுக்குக் கீழே வந்தா அப்படித்தான் போடச் சொல்லியிருக்காங்க, அக்கா." "அப்ப நாங்கல்லாம் யாரு?" அந்தப் பெண் திரும்பி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெயிலில் மின்னும் வண்டிக் கண்ணாடிகளைப் பார்க்கிறாள். ஹாரன்கள் ஒன்றையொன்று திட்டுகின்றன. தாளைப் புரட்டி மறுபக்கத்தையும் பார்க்கிறாள். "நிக்கிறவங்களுக்கு இதுல கட்டமே இல்லைக்கா."