பதினேழாவது கேள்வி

“கலையால சமூகத்துக்கு என்ன பயன்னு எனக்கு நம்பரா வேணும்யா. நம்பர் வரலைன்னா அந்த நாடகக் கூடத்தை இழுத்து மூடிடலாம்.”

“வர வச்சிடலாம் சார்.”

போன வாரம் மேலதிகாரியிடம் அப்படி வாக்குக் கொடுத்த மதிப்பீட்டாளர், இப்போது நாடகக் கூடத்தின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்பதற்கான நடிகர்களைத் தேர்ந்தெடுத்த குலுக்கலில் வந்த ஒன்பதாவது பெயரை, முடிந்திருந்தால் அடித்து நீக்கியிருப்பார். துறை விதி இடம் தரவில்லை. அந்தப் பெண் எதிரில் வந்து அமர்ந்தபோது அவர் தலை நிமிரவில்லை.

“இங்க சேர்றதுக்கு முன்னாடி தினமும் எத்தனை பேர்கிட்ட பேசுவீங்க?”

“ஒருத்தர்கிட்ட சார். அவரும் ஃபைல்லேருந்து தலையைத் தூக்க மாட்டார்.”

“எண்ணிக்கை மட்டும் போதும். இப்போ?”

“பதினாலு பேர். எல்லாரும் பதில் சொல்றாங்க.”

‘உறவு வளர்ச்சி: ஆயிரத்து முந்நூறு சதவீதம்’ என்று பூரித்துப்போய் எழுதினார்.

“குடும்பத்துல மகிழ்ச்சி? பத்துக்கு எத்தனை?”

“வீட்டுக்காரர் ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை சார். ஆனா அதுக்கு மார்க் போடுறதுதான் அவருக்கு வேலை.”

பேனா நின்றது.

“வீட்டுப் பேச்சை ஆபீஸ் ஃபாரத்துல ஏத்தாதே,” என்று பல்லைக் கடித்தார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் கணவர்.

“வீட்ல நீங்க எதுவும் கேக்குறதில்லையே.”

அவர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார்.

“பதினேழாவது கேள்வி, கடைசி. கோரிக்கை ஏதாவது?”

நாடகத்தில் சேர்ந்த மூன்று வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அவள் சொன்னாள்.

“சனிக்கிழமை நாடகம் இருக்கு. பேனா இல்லாம வந்து, நான் நடிக்கிறதை ஒரு தடவை பாருங்க.”