முகமில்லாத சகாயமேரி

சம்மதிக்காதவர்களின் முகத்தைப் படம் எடுத்த கணமே கேமரா அழித்துவிடும்; அதுதான் சட்டம். சம்மதமா மறுப்பா என்பதை ஆளைப் பார்த்து அதுவே முடிவுசெய்யும். கபிலனின் கையடக்கக் கேமராவில் ராயபுரம் தெருவில் பாதிப் பேருக்கு முகமே வராது. இட்லிக்கடை சகாயமேரிக்கு ஒரு படத்தில்கூட இல்லை. நேரில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு உள்ளுக்குள் மறுக்கிறாளே என்று கடுப்பாகி, அவள் கடைப்பக்கம் போவதையே விட்டிருந்தான்.

இன்று அவள் புருஷன் ஆரோக்கியம் கபிலன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"காலைல போய்ட்டா தம்பி. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு படம் குடு. வீட்ல இருந்ததெல்லாம் வெள்ளத்துல போச்சு. நீதான அவள எடுத்துனே இருப்ப?"

கபிலன் படங்களைக் காட்டினான். புடவை, இட்லித்தட்டு, கரண்டி பிடித்த கை. கழுத்துக்கு மேலே வெள்ளை வட்டம்.

"அக்கா ஒருதடவகூட சம்மதிக்கலண்ணே."

"சம்மதிக்கலயா? நீ கேமராவத் தூக்கினாலே எடுத்துக்கோன்னு தலய ஆட்டுவாளே!"

"எப்படி ஆட்டுவாங்க?"

அவர் ஆட்டிக் காட்டினார். நம் ஊரில் எல்லாரும் சரி என்பதற்கு ஆட்டுவதுபோல, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

கபிலன் கேமராவை அவர் பக்கம் திருப்பி, இன்னொருமுறை ஆட்டச் சொல்லி எடுத்தான். ஆரோக்கியத்துக்கும் முகம் இல்லை. அப்படி ஆட்டினால் மறுப்பு என்று எந்த நாட்டிலோ உட்கார்ந்து எவனோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

"அவ சரின்னுதான தம்பி சொல்லினு இருந்தா?"

கபிலனின் தலை ஆடியது, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.