பரம்பரை வழக்கம்

"பழுதாகாத லிப்டை நீங்க கழட்டுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை சர்வீஸ் பண்ணுவோமே," என்றான் லிப்ட் மெக்கானிக்.

"சர்வீஸ்ல கழட்டினதைத் திரும்ப மாட்டிடுவீங்க. இது அப்படியா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். இரண்டு மாதக் குழந்தை தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை அவனுக்கு ஆணுறுப்பின் முன்தோலை நீக்கலாமா, வேண்டாமா என்பதுதான் வழக்கு. ஒரு வாரமாக வீட்டில் நடந்தது, இப்போது மருத்துவமனைக்கு வந்திருந்தது. மெக்கானிக்கின் அப்பா சுவரோரம், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல அது என்னன்னு பாத்துடலாம்," என்ற டாக்டரம்மா, தன் வெள்ளைக் கோட்டின் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டார். "இந்தத் துணிதான் முன்தோல். பொறந்த குழந்தைக்கு இது உள்ளே பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாது. வளர வளரத் தானா விட்டுக்கொடுத்துப் பின்னால போகும்." துணியை மெல்ல மணிக்கட்டுக்கு ஏற்றினார். "சில பசங்களுக்கு மூணு வயசுல. சிலருக்குப் பத்து தாண்டியும் ஆகும்."

"எடுத்தா?" என்றான் மெக்கானிக்.

"மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா ஒரு பிளாஸ்டிக் வளையம் வெச்சு, மேல நூல் கட்டுவோம். ஒரு வாரத்துல வளையமும் தோலும் சேர்ந்தே உதிர்ந்துடும். எடுத்தா சிறுநீர்த் தொற்று குறையும். ஆனா எடுக்காதவங்களுக்கும் அது எப்பவாவதுதான் வரும். எடுத்த இடத்துல ரத்தம் கசியலாம், புண்ணாகலாம். அதுவும் எப்பவாவதுதான். இவனைப் பாத்துட்டேன், நல்லா இருக்கான். எடுத்தே ஆகணும்னு மருத்துவம் சொல்லல. மத்தது உங்க குடும்பம் முடிவு பண்றது."

"கேட்டீங்களா? எங்க வீட்டு ஆம்பளைங்க யாருக்கும் பண்ணல. எல்லாரும் கல்லு மாதிரிதான் இருக்காங்க," என்றாள் மனைவி.

"உங்க வீட்டு வழக்கம் உங்களுக்கு. எங்க வீட்டு வழக்கம் எங்களுக்கு."

"உடம்பு அவனோடதுங்க. வளர்ந்து அவனே முடிவு பண்ணட்டும்."

"பேரு வைக்க மட்டும் அவனைக் கேட்டா வெச்சோம்?"

"பேரு புடிக்கலன்னா மாத்திக்கலாம்."

மெக்கானிக்கின் குரல் தணிந்தது.

"உனக்குப் புரியல. எனக்கு அஞ்சு வயசுல பண்ணாங்க. பயந்துபோய் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். அப்பா தரையில படுத்து எட்டிப் பாத்து, 'இது நம்ம பரம்பரை வழக்கம்டா. தாத்தா, நான், உன் பெரியப்பா, எல்லாரும் இதைத் தாண்டி வந்தவங்கதான்'னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் வெளிய வந்தேன். கட்டோட வீட்டுக்குத் திரும்பினா, வீடு நிறைய ஆளுங்க. பெரியப்பா தோள்ல தட்டி, 'இனிமே நீ எங்க ஆளு'ன்னாரு. வலி எங்க போச்சுன்னே தெரியல. அதை என் பையனுக்கு மட்டும் இல்லன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"தம்பி..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்கப்பா. எல்லாத்தையும் மனசுல போட்டு அழுத்திக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். பிரசவம் முடிந்து வந்த நாளிலிருந்து அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுப்பவர், குழந்தையின் துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போடுபவர். அந்தக் கண்கள் கலங்கியிருந்தன.

"சரி, பண்ணிடலாம்," என்றாள் அவள். "உங்களுக்காக இல்ல. மாமா மனசு நோக வேணாம், அதுக்காக."

டாக்டரம்மா சம்மதப் படிவத்தை நகர்த்தினார். "அப்பா, அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவசரமே இல்ல, யோசிச்சும் போடலாம்."

மெக்கானிக் போட்டுவிட்டான். மனைவி பேனாவை வாங்கி, குழந்தை விழித்துவிடாமல் மெல்லக் குனிந்தாள்.

பெரியவர் எழுந்து வந்து படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"வேணாம்மா," என்றவர் மகனின் பக்கம் திரும்பினார். "மூணு நாலு வயசுல தோல் இறுகிப்போய், ஒண்ணுக்குப் போறப்பல்லாம் துடிச்சு அழுவ. உனக்கு அதெல்லாம் ஞாபகமில்ல. எடுத்தே ஆகணும்னுட்டாரு டாக்டர். நாம மட்டும் ஏன் இப்படின்னு நீ கூசிப்போயிடக் கூடாதேன்னு, எல்லாருமா கூடிப் பேசி அந்த வழக்கத்தை உண்டாக்கினோம். நம்ம பரம்பரையில இதைப் பண்ணிக்கிட்டது நீ ஒருத்தன்தான்டா."