துண்டுக்கடியில் ஒரு பிடி

மலைமேல் மிஞ்சியிருந்த கடைசி வெடிப்பலா மரத்தை விலை பேச வந்த மர வியாபாரி காதர் மீரான், அதன் ஈர வேரில் உட்கார்ந்து, சொந்தக்காரன் செவனாண்டியின் கையைத் துண்டுக்கடியில் பிடித்தார். பேரமெல்லாம் விரலால்தான், விரல் கூடக்கூட விலை கூடும். படிந்தால் எதிராளி கையை விட்டுவிடுவான், படியாதவரை பிடி தளராது. மரத்தை அண்ணாந்து பார்த்துப் பலகைக் கணக்குப் போட்டபடியே ஒரு விரலை நீட்டினார். பிடி விடவில்லை. இரண்டு, மூன்று என்று ஏற்றினார். ஊகூம். ஜில்லென்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இறங்கிவராத பிடி. கீழே லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். ஐந்து விரலையும் நீட்டியதில் லாபம் மொத்தமும் கரைந்தாயிற்று.

“யோவ், மனசாட்சி இருக்கா உனக்கு? கையை விடுய்யா!”

“நான் ரெண்டு விரலுக்கே விட்டுட்டேனே பாய்,” என்றான் செவனாண்டி, சற்றுத் தள்ளி நின்று பீடி பற்றவைத்தபடி.

மீரான் துண்டை விலக்கினார். பச்சைத் தவளை ஒன்று அவர் சுண்டுவிரலை நாலு காலாலும் கட்டிக்கொண்டிருந்தது.

“இந்த மரத்துப் பொந்துல இருக்கிறது பாய். மத்த மரமெல்லாம் நீங்க அறுத்ததுல, அதுக்கு இந்த மரம் ஒண்ணுதான் மிச்சம்.”

உதறினார். விடவில்லை. ஹாரன் மறுபடி அலறியது. மீரான் பல்லைக் கடித்துக்கொண்டு, தவளையோடு கையைத் துண்டால் மறுபடி மூடினார்.

“சரி, நீ என்னதான்யா கேக்கிறே?”