சொல்லிக்கொண்டு போதல்

என் அம்மா மார்லீஸ், ஜெர்மனியிலிருந்து கோவில்பட்டிக்கு வாழவந்தவள். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வழக்கத்துக்கு மட்டும் அவள் கடைசிவரை இணங்கவில்லை. அங்கும் கைகூப்பி, "போயிட்டு வாரேன்" என்பாள். பக்கத்து வீட்டுச் செண்பகம் அத்தை அவள் முழங்கையைக் கிள்ளி இழுத்து வருவாள்.

"எழவு வீட்டுல திரும்ப வாரேன்னு சொல்லுவாகளா, கிறுக்கி?"

"அழுறவங்கள விட்டுட்டு, சொல்லாம எப்படிப் போறது செண்பகம்?"

நேற்று அம்மாவை எடுத்த பிறகு, வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். வழக்கம்தான். ஆனாலும் யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

செண்பகம் அத்தை படியிறங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். என்னெதிரே நின்று கைகூப்பினாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். அவள் முழங்கையைக் கிள்ள யாரும் இல்லை.