பினாங்கு நாடா

“இதுல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் போச்சு.”

சிலுவைமுத்து டேப் ரிக்கார்டரின் மூடியைச் சாத்தினான். யாரோ தலைமுழுகிய பழைய மெஷின் அது. திண்டுக்கல்லில் வேறு எந்த ரேடியோ ரிப்பேர்காரரிடமும் இல்லையே என்று போன மாதம்தான் வாங்கினான். ஒரு நாள் ஓடும், மறுநாள் மல்லுக்கு நிற்கும். இருந்த சலிப்பில் அதைத் தூக்கி ரோட்டில் போட்டால் தேவலை என்றிருந்தது.

எதிரே ஸ்டூலில் பேகம்பூர் ரம்ஜான் பீவி. நான்கு நாளாக நடையாய் நடந்து ஓய்ந்துபோயிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் மகன் பினாங்கிலிருந்து பேசி அனுப்பிய நாடா, போட்டுக் கேட்க வீட்டில் மெஷின் இல்லாமல் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு கடுதாசிகூட இல்லை. வீட்டில் மருமகள் நசீம் பானு இருபத்திரண்டு வயதில் வழி பார்த்துக் கிடக்கிறாள், பாவம். அவளைக் கூட்டிப்போய் வேறு நிக்காஹ் செய்துவைக்கிறோம் என்று அண்ணன்மார் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். மகன் குரலைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்று இவள் பிடித்துவைத்திருக்கிறாள்.

நாடாமேல் பூசிய பொடியில்தான் குரல் ஒட்டியிருக்கும், டிரங்குப் பெட்டிச் சூட்டில் அது உதிர்ந்துவிட்டது என்று சிலுவைமுத்து விளக்கினான். மகன் வருகிறேன் என்றுதான் பேசியிருப்பான், மனதைத் தளரவிடாதீர்கள் என்று ஆறுதலும் சொன்னான்.

“ஒரு வார்த்தைகூடவா இல்ல தம்பி?”

“வெறும் இரைச்சல்தாம்மா.”

அவள் நாடாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அழாமல், அலுத்துப்போன குரலில் சொன்னாள்.

“மதுரை ரிப்பேர்காரரு, குரல் பதியவே இல்லன்னாரு. திருச்சிக்காரரு, பதிஞ்சது காந்தம் பட்டு அழிஞ்சிருச்சுன்னாரு. நீ சூட்டுல உதிர்ந்துபோச்சுங்கிற. ஒரே நாடா எப்படித் தம்பி ஊருக்கு ஒரு விதமாக் கெட்டுப்போகும்? மூணு பேருக்கும் நல்லாத்தான் கேட்டிருக்கு. எங்கிட்டச் சொல்லத்தான் மனசு வரல. எம்மவன் இனி வரமாட்டான், அம்புட்டுத்தானே? நாளைக்கே நசீமை அவ அண்ணங்கூட அனுப்பிச்சிடுறேன்.”

முந்தின நாளே நாடா முழுவதையும் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்த சிலுவைமுத்து, இல்லை என்று சொல்லவில்லை.